சைக்கிளை எங்கே பிடிப்பது?

எங்கள் தெருமுனை சைக்கிள் கடையின் கூரை விட்டத்திலிருந்து இரண்டு சங்கிலிகள் தொங்கும். இரண்டின் நுனியிலும் கொக்கி. கொக்கியைச் சுற்றிப் பழைய டியூப் ரப்பர். ஓவராயில் பண்ண வந்த வண்டியின் சீட்டுக்கு அடியில் ஒரு கொக்கியையும் ஹேண்டில்பாரில் இன்னொன்றையும் மாட்டிவிட்டால் வண்டி அந்தரத்தில் நிற்கும். கடைக்காரர் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால் பெடல் அவர் மார்புக்கு நேராக வரும். பஞ்சர் என்று வந்த வண்டியைத் தரையில் சாய்த்துப் படுக்கப்போட்டு டியூப்பை மட்டும் வெளியே இழுப்பார். சக்கரத்தில் கோட்டம் எடுக்க வேண்டுமானால் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். வேலைக்கு வேலை வண்டியை வேறு விதமாக நிறுத்த வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

இன்று வீட்டிலேயே சைக்கிளைப் பராமரிக்க விரும்புகிறவர் ஸ்டாண்டு வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது அந்த ஸ்டாண்டு எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்தான். அதைப் பார்த்து வாங்கி, பிறகு வருந்தியவர்களை எனக்குத் தெரியும். நானும் அப்படி வாங்கியவன். பதினைந்து கிலோ சைக்கிளைத் தாங்குவது எந்த இரும்புக் குழாய்க்கும் பெரிய காரியமில்லை. அந்தச் சைக்கிளை உடம்பின் எந்த இடத்தில் பிடிக்கலாம், நாம் செய்யப்போகும் வேலைக்கு எந்தப் பிடி தோதாக இருக்கும், வீட்டுத் தரை எப்படிப்பட்டது என்ற மூன்றையும் பார்த்துவிட்டால் கடையில் இருக்கும் பாதி ஸ்டாண்டுகள் தாமாகவே கழிந்துவிடும்.

நம் ஊரில் இந்தக் கேள்வியே புதிது. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளானாலும் சரி, லூதியானாவில் 1956-இல் பிறந்த ஹீரோ ஆனாலும் சரி, கறுப்புப் பெரிய சைக்கிள் ஒவ்வொன்றும் தன் ஸ்டாண்டைத் தன்னோடு கொண்டுவந்தது. பின் அச்சில் மாட்டிய அந்த ஸ்டாண்டைக் காலால் அழுத்தி, கேரியரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் பின்சக்கரம் தரையிலிருந்து எழும்பிவிடும். பெடலைக் கையால் சுற்றி செயினுக்கு எண்ணெய் விடலாம். பின் பிரேக் கட்டை ரிம்மைத் தொடுகிறதா என்று பார்க்கலாம். வீட்டு வேலைக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. இப்போதும் அப்படிப்பட்ட வண்டி வைத்திருக்கிறவர் புது ஸ்டாண்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கியர் வைத்த வண்டிகள் வந்தபோது அந்த ஸ்டாண்டு போய்விட்டது. அவற்றில் சைடு ஸ்டாண்டு இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. சைடு ஸ்டாண்டு வண்டியைச் சாய்த்து நிறுத்துமே தவிர சக்கரத்தைத் தூக்காது. சக்கரம் சுற்றாமல் கியரைச் சரிசெய்ய வழியே இல்லை என்பதால்தான் இந்தத் தேடல் எழுகிறது.

தலைகீழாகக் கவிழ்ப்பது எல்லோரும் முதலில் செய்வது. டியூப் மாற்ற அது போதும். வழியில் பஞ்சரானால் அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் கியர் வேலைக்கு அது உதவாது. செயினைப் பல்சக்கரம் மாற்றும் டெரெய்லர் மேலே போய்விடும், கியர் மாற்றும் விசை தரைக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்ளும், இடது வலது குழம்பும். சீட்டின் மேலுறை சிமெண்டுத் தரையில் உரசிக் கிழியும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரேக் பிடியில் உள்ள சிறு எண்ணெய்த் தொட்டியில் கொஞ்சம் காற்று தங்கியிருந்தால், கவிழ்க்கும்போது அது குழாய்க்குள் போய்விடும். நிமிர்த்திய பிறகு பிரேக்கைப் பிடித்தால் பஞ்சை அமுக்குவதுபோல் இருக்கும். நிமிர்த்தி வைத்துப் பலமுறை அழுத்தி, பிடி பழையபடி இறுகிய பிறகுதான் தெருவில் இறங்க வேண்டும். இதை அறியாமல் கவிழ்த்து நிமிர்த்தி உடனே ஏறிப் போவது ஆபத்து.

அடுத்தது, பின்சக்கரத்தின் இரு பக்கமும் கொக்கியோ தாங்கியோ கொடுத்துத் தூக்கி நிறுத்தும் சிறிய ஸ்டாண்டு. கடைகளில் புது வண்டிகளைக் காட்சிக்கு நிறுத்தி வைப்பார்களே, அதே சாமான். சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். இதை நான் மிக மதிக்கிறேன். வீட்டில் ஒருவர் வருடம் முழுவதும் செய்யும் வேலையில் முக்கால் பங்கு செயின் துடைப்பது, எண்ணெய் விடுவது, கியர் சரிசெய்வது, பிரேக் பார்ப்பது ஆகியவைதான். அத்தனைக்கும் பின்சக்கரம் சுற்றினால் போதும். வண்டியின் எடை முன்சக்கரத்திலும் ஸ்டாண்டிலும் பகிர்ந்து நிற்பதால் ஃபிரேமின் எந்தக் குழாயும் நசுங்காது. குறை இரண்டு. உயரம் வராது; குனிந்தோ குந்தியோதான் வேலை செய்ய வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றினால் சில மாடல்களில் வண்டி நிற்காது. டிஸ்க் பிரேக் வண்டி என்றால் இடப்பக்கக் கொக்கி டிஸ்க்கிலோ பிரேக் காலிப்பரிலோ முட்டுகிறதா என்று வாங்கும் முன்பே வைத்துப் பார்க்க வேண்டும். கீழே உட்கார்ந்து வேலை செய்ய முழங்கால் இடம்கொடுக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முழங்காலும் முதுகும் இடம்கொடுக்காததுதான் உயர ஸ்டாண்டு பிறந்த கதையும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஹோவர்ட் ஹாக்கின்ஸ், ஆர்ட் எங்ஸ்ட்ராம் என்ற இருவர் குனிந்து குனிந்து அலுத்துப்போய், கையில் கிடைத்த பழைய இரும்பை வைத்துத் தங்களுக்கென்று ஒரு ஸ்டாண்டு செய்தார்கள். சாப்பாட்டு மேசையின் கால், சிமெண்டு நிரப்பிய பீரங்கிக் குண்டின் வெற்றுக்கூடு, 1937 ஃபோர்டு டிரக்கின் அச்சு ஆகியவை அதன் உறுப்புகள். 1963-இல் தொடங்கிய அந்தத் தொழில்தான் இன்று நீல நிறக் கருவிகளால் உலகம் முழுக்க அறியப்படும் பார்க் டூல். டிரக் அச்சையும் சிமெண்டையும் அவர்கள் ஏன் தேடிப் போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டியின் எடைக்கு அவ்வளவு கனம் தேவையில்லை. இறுகிய நட்டைத் திருப்பும்போது ஸ்டாண்டு அசையாமல் நிற்கத்தான் தேவை. கடையில் நிரந்தரமாக நிற்கும் ஸ்டாண்டுக்கு அந்தக் கனம் சரி. மடித்து எடுத்துவைக்கும் வீட்டு ஸ்டாண்டு கனத்தைக் கைவிட்டதால், அசையாமல் நிற்கும் வேலையைக் கால்களின் அகலத்தால் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

இந்த வகையில் நீண்ட தூணின் உச்சியில் ஒரு கிளாம்ப் இருக்கும். அதன் இரு தாடைகளும் வண்டியைக் கவ்விக்கொள்ளும். எங்கே கவ்வ வைப்பது?

பார்க்கிறவர் கண்ணுக்கு ‘பார்’ என்று நாம் சொல்லும் மேல் குழாய்தான் தோதாகத் தெரியும். சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டிய குழாய் ஆயிற்றே, கவ்வினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். பழைய இரும்பு வண்டியில் ஒன்றும் ஆகாது. எடை குறைந்த நல்ல ஸ்டீல் ஃபிரேமில் அந்தக் குழாயின் நடுப்பகுதிச் சுவர் அரை மில்லிமீட்டர் கனத்தை ஒட்டியே இருக்கும். இலேசான அலுமினியக் குழாய்களிலும் நடுப்பகுதியை மெலிதாக்கித்தான் செய்கிறார்கள். என் நண்பர் ஒருவரின் அலுமினிய வண்டியை என் ஸ்டாண்டில் நான்தான் மாட்டினேன். வழுக்கக்கூடாதென்று திருகை இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன். இறக்கியபோது பாரின் பக்கவாட்டில் கட்டைவிரல் பதித்ததுபோல் ஒரு குழி. பெயின்ட் உரியவில்லை, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் குழாய் குழிந்துவிட்டது, அதை எடுக்க வழியில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குழியை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் சுருங்குகிறது. கார்பன் ஃபிரேம் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஓட்டும்போது வரும் விசைகளுக்கென்று அடுக்கிய அந்த இழைகள் பக்கவாட்டு நசுக்கலைத் தாங்க அமைந்தவை அல்ல; உள்ளே விரிசல் விட்டாலும் வெளியே தெரியாது.

பிடிக்க வேண்டிய இடம் சீட் பில்லர். உள்ளே அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கும் அளவு கனமான குழாய் அது. கெட்டுப்போனாலும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். இப்போதைய வண்டிகளில் 27.2, 30.9, 31.6 மில்லிமீட்டர் ஆகியவை பரவலான அளவுகள்; வீட்டு ஸ்டாண்டுகளின் தாடைகள் பெரும்பாலும் இவற்றைக் கவ்வும். கவ்வுவதற்குப் பில்லர் ஒரு சாண் அளவாவது வெளியே தெரிய வேண்டும். சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறவர்களுக்கு அந்த நீளம் கிடைக்காது. பழைய உயரத்தில் ஒரு டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, சீட்டை உயர்த்தி, பிறகு மாட்ட வேண்டும். பில்லரில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே வரும்வரை மட்டும் இழுத்துவிடக்கூடாது. கார்பன் பில்லராக இருந்தால் தாடையையும் பில்லரையும் துடைத்துவிட்டு, வண்டி நழுவாத அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். ஓட்டும்போதே பொத்தானை அழுத்தினால் சீட் இறங்கும் பில்லர்களில் மேலே ஏறி இறங்கும் பளபளப்பான பகுதியைக் கவ்வக்கூடாது. அது கீறல்பட்டால் உள்ளிருக்கும் சீல் கெட்டுவிடும். கீழே அசையாத உறையைத்தான் பிடிக்க வேண்டும். காற்றைக் கிழிக்கும் விதமாகத் தட்டையாகச் செய்த பில்லர்களுக்கு வட்டத் தாடை பொருந்தாது. அப்படிப்பட்ட வண்டிக்காரர்கள் கிளாம்ப் ஸ்டாண்டை மறந்துவிடுவது நல்லது. பார் இல்லாத லேடீஸ் வண்டிக்கும் சிறுவர் வண்டிக்கும் சீட் பில்லர் பிடிதான் ஒரே பிடி. அதனால் ஒரே ஸ்டாண்டில் வீட்டிலுள்ள எல்லா வண்டிகளையும் மாட்டலாம்.

தாடையை இறுக்குவதில் பல விதம் உண்டு. திருகுப் பிடியைச் சுற்றி இறுக்குவது மெதுவானது. ஆனால் எவ்வளவு இறுக்குகிறோம் என்பது கையில் தெரியும். நெம்புகோல் வகை ஒரே தட்டில் கவ்விவிடும். முன்பே அளவு சரிசெய்து வைக்காவிட்டால் ஒன்று நழுவும், இல்லை நசுக்கும். ஒரு கையால் வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் இறுக்க வேண்டியிருப்பதால், கையால் தள்ளினாலே பாதி மூடிக்கொண்டு பிறகு திருகினால் இறுகும் வகை மிக வசதி. விலை கூடும் இடமும் அதுதான். விலை குறைந்த ஸ்டாண்டுகளில் முதலில் விட்டுப்போவதும் கிளாம்ப்தான்: பிளாஸ்டிக் தாடையின் மூலையில் கீறல் விழும், ரப்பர் கழன்று வரும். தூணும் காலும் வருடக்கணக்கில் உழைக்கும். ஆகவே கையிலிருக்கும் காசைக் கிளாம்ப் உள்ள பக்கம் சாய்ப்பதே புத்தி.

இனி கால்கள். முன்னே நீளும் இரண்டு கால்களோடு நிற்பவை உண்டு. மூன்று பக்கமும் விரியும் முக்காலி வகை உண்டு. என் முதல் ஸ்டாண்டு இரண்டு கால் வகை. மொட்டைமாடியில் வைத்து வலது பெடலைக் கழற்றினேன். பெடலை மாட்டும்போது இறுக்க வேண்டிய அளவு 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை. ஸ்பேனர் கால் மீட்டர் நீளம் என்று வைத்தால், அதன் நுனியில் ஏறக்குறைய பதினாறு கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். மழையிலும் தூசியிலும் கிடந்து இறுகிய பெடல் அதுபோல் இரண்டு மடங்கு கேட்கும். நான் ஸ்பேனரைப் பின்பக்கம் கிடைமட்டமாக மாட்டி, உள்ளங்கையை ஊன்றி அமுக்கினேன். பெடல் அசையவில்லை. தூண் மெல்ல என் பக்கம் சாய்ந்து, எதிர்ப்பக்கத்தில் கால் ஒன்று ஓடுபதித்த தரையை விட்டு எழும்புவது தெரிந்தது. ஸ்பேனரை விட்டுவிட்டு வண்டியைக் கட்டிப்பிடித்ததால் அது விழவில்லை. பெடல் முள் முழங்காலுக்குக் கீழே கிழித்துக்கொண்டு போனது.

அன்று செய்யத் தவறியது, விசையை வண்டிக்குள்ளேயே முடித்துக்கொள்வது. கிராங்க்கும் ஸ்பேனரும் கத்தரிக்கோலின் இரு கைப்பிடிபோல் ஒன்றுக்கொன்று அருகில் வரும்படி மாட்டி, இரண்டையும் சேர்த்து அமுக்கினால் ஸ்டாண்டுக்கு விசையே போகாது. எந்தப் பக்கப் பெடலானாலும், நிமிர்ந்து நிற்கும் ஸ்பேனரின் மேல் நுனி பின்சக்கரத்தை நோக்கிப் போனால் மரை கழலும். இடது பெடலின் மரை எதிர்மரை என்பதால் இந்த ஒரு அடையாளம் இரண்டுக்கும் பொருந்துகிறது. பெடல், கிராங்க் அச்சைத் தாங்கும் பி.பி. கப் போன்ற முரட்டு வேலைகளை வண்டி தரையில் நிற்கும்போதே ஒருமுறை இளக்கிவிட்டு, பிறகு ஸ்டாண்டில் ஏற்றுவது அதைவிடப் பாதுகாப்பு. இத்தனை சொன்ன பிறகும் முக்காலி வகையே மேல் என்பேன். நம் மொட்டைமாடிகள் மழைநீர் ஓடச் சரிவாகப் போட்டவை. பால்கனியும் வாட்டம் வைத்ததுதான். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாமல் ஊன்றும். கால்கள் விரியும் அகலத்தை மட்டும் முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும். ஒடுங்கிய பால்கனியில் முக்காலியை முழுதாக விரிக்க இடமில்லாமல் அரைகுறையாக விரித்தால் அதன் பலம் போய்விடும்.

முன்சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கை ஒரு பூட்டில் பொருத்தி, பி.பி.யைத் தொட்டிலில் உட்காரவைக்கும் ஸ்டாண்டு நான்காவது வகை. பந்தயக் குழுக்களின் மெக்கானிக்குகள் கையாளுவது இது. பின் அச்சை அதே விதமாகப் பூட்டும் வகையும் உண்டு. எந்தக் குழாயையும் நசுக்காது. வண்டி இரண்டு இடத்தில் பிடிபடுவதால் ஆட்டம் மிகக் குறைவு. தட்டைப் பில்லர், கார்பன் ஃபிரேம் எதுவானாலும் கவலையில்லை. உச்சியில் வண்டியை முழு வட்டமாகச் சுற்றித் திருப்பலாம், நாம் சுற்றி நடக்க வேண்டாம். ஆனால் அச்சின் அளவு பொருந்த வேண்டும். நெம்புகோல் வைத்த பழைய முன் அச்சின் அகலம் 100 மில்லிமீட்டர். இன்று ஊடுருவிச் செல்லும் 12, 15 மில்லிமீட்டர் தடிமன் அச்சுகள் வந்துவிட்டன, அகலமும் 110 வரை போகிறது. ஒவ்வொன்றுக்கும் இணைப்புத் துண்டு வேண்டும். அது பெட்டியிலேயே இருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேட்காமல் காசு கொடுக்கக்கூடாது. நட்டு போட்ட சாதாரண அச்சுக்கு இந்த ஸ்டாண்டு பெரும் தொல்லை. பலரும் கவனிக்காத ஒன்று: நிறைய வண்டிகளில் கியர் கேபிள்கள் பி.பி.க்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தடத்தின் வழியாகத்தான் போகின்றன. வண்டியின் எடை முழுவதும் அந்தக் கேபிள்மேல் உட்கார்ந்தால், ஸ்டாண்டில் சரியாக வைத்த கியர் தெருவில் இறங்கியதும் தப்பாகிவிடும். தொட்டிலில் கேபிளுக்கு இடம்விட்டுப் பள்ளம் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டியின் முன்சக்கரம் கழன்றிருக்கும்போது தவறிப்போய்க்கூட முன் பிரேக்கைப் பிடிக்கக்கூடாது. பிரேக் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு மடித்த அட்டையை இடையில் செருகிவைத்தால் போதும்.

மின்சார சைக்கிள்கள் இருபது, இருபத்தைந்து கிலோ வரை போவதால் அங்கே மட்டும் தாங்கும் எடை உண்மையான கேள்வியாகிறது. அப்போதும் ஸ்டாண்டைவிட நம் தோளைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். அந்த எடையை மார்பு உயரத்துக்கு ஒருவரே தூக்கிக் கிளாம்பில் மாட்டுவது சுலபமில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தூக்கலாம். அல்லது தாழ்வாக நிற்கும் அச்சுப்பிடி ஸ்டாண்டை எடுக்கலாம். வயதானவர்களுக்கும் இதையே சொல்வேன்.

சுவரில் திருகிப் பொருத்தும் கிளாம்ப் அருமையான பொருள், இடத்தையும் அடைக்காது. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க யாரிடம் அனுமதி கேட்பது என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. சொந்த வீட்டில் ஊஞ்சல் கொக்கி இருந்தால், தெருமுனைக் கடைக்காரர் செய்ததையே நாமும் செய்யலாம்: இரண்டு கயிறு, இரண்டு கொக்கி, கொக்கிக்கு ரப்பர். ஊஞ்சலில் இரண்டு பேர் ஆடியதைத் தாங்கிய இரும்பு சைக்கிளைத் தாங்கும். துடைக்க, எண்ணெய் விட, கியர் பார்க்க அது போதும். விசை கொடுத்துத் திருகப் போனால் வண்டி ஆடும் என்பது ஒன்றுதான் குறை.

உயர ஸ்டாண்டின் பயன் எனக்கு முழுதாகப் புரிந்தது கியர் சரிசெய்தபோதுதான். டெரெய்லர் கண்ணுக்கு நேராக நிற்கிறது. வலது கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே இடது கையால் கியரை ஒன்று மாற்றுகிறேன். செயின் அடுத்த பெரிய பல்சக்கரத்தில் ஏறத் தயங்கி, ‘கரகர’ என்று பல்லை உரசுகிறது. டெரெய்லரில் கேபிள் நுழையும் இடத்திலுள்ள சிறு திருகை வெளிப்பக்கமாகக் கால் சுற்று. மறுபடி பெடல். உரசல் குறைகிறது. இன்னொரு கால் சுற்று. சத்தம் சட்டென்று அடங்கி, செயின் ஓடும் மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சுகிறது. குந்தி உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிக்கொண்டு செய்தபோது அந்தச் சத்த வித்தியாசத்தை நான் கேட்டதே இல்லை. நின்று நிதானமாகச் செய்ய முடிந்ததால்தான் காது வேலை செய்தது. அதனால் உயரம் சரிசெய்யும் வசதி ஆடம்பரம் இல்லை. செயின் நமது முழங்கைக்குச் சற்று மேலே நிற்கும் அளவு தூண் நீள வேண்டும்.

கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்று இரும்புக் கால்களின் மூட்டுத் திருகுகளைத்தான் முதலில் தின்னும். அலுமினியம் கூடுதல் விலை. ஆனால் எடை குறைவு, மாடிப்படி ஏற்றி இறக்கவும் எளிது. இரும்பு வாங்கினால் மூட்டுகளில் அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். தாடை ரப்பரில் மண்ணெண்ணெய் படவிடக்கூடாது. ரப்பர் உப்பி வழுக்கத் தொடங்கும்.

வாங்கும்போது முடிந்தால் உங்கள் சைக்கிளையே கடைக்குக் கொண்டுபோங்கள். இஞ்ச் டேப் ஒன்று பையில் இருக்கட்டும். ஸ்டாண்டை மடித்து நீளத்தை அளந்து, வீட்டில் பரணிலோ கதவுக்குப் பின்னாலோ அதற்கு இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சீட் பில்லரைக் கவ்வவைத்து, பெடலைச் சுற்றி, கையை எடுத்துவிடுங்கள். பின்சக்கரம் வேகமாகச் சுற்றும்போது தூண் லேசாக அதிரும், அது இயல்பு. முன்சக்கரம் தானாகத் திரும்பி வண்டி தாடைக்குள் சரிந்தால் அந்தக் கிளாம்ப் வேண்டாம். சரியாமல் நின்றால், ஹேண்டில்பார் முனையைப் பிடித்து ஒருமுறை கீழே அமுக்கி, மூன்று கால்களும் தரையில் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள்.